பம்புசெட் மோட்டார் அதிர்கிறதா? காரணத்தை அறிவது எப்படி?

திருவண்ணாமலை, செங்கம், போளூர், கலசபாக்கம் வட்டாரங்களில் மணிலாவும் கரும்பும் பெரும்பாலும் கிணற்றுப் பாசனத்தை நம்பியே உள்ளன. மணிலாவில் விழுது இறங்கும் சமயத்தில் மோட்டார் எரிந்துபோனால் மகசூல் வெகுவாகப் பாதிக்கும். 1990 முதல் பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம்தான். எரிந்த காயிலைக் கட்டும் கூலி இலவசமல்ல. பல மோட்டார்கள் கெடுவதற்கு முன் அதிர்ந்து காட்டுகின்றன. அப்போதே கவனித்தல் நலம்.

கோளாறு மின்சாரத்திலா, இயந்திரத்திலா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். முழு வேகத்தில் ஓடும் மோட்டாரை ஸ்டார்ட்டரில் நிறுத்திப் பார்க்கவும். நிறுத்திய கணமே அதிர்வு மறைந்தால் கோளாறு மின்சாரம் சம்பந்தப்பட்டது. வேகம் குறையக் குறைய அதிர்வும் மெல்லத் தணிந்தால் இயந்திரக் கோளாறு. மின்சாரக் கோளாற்றில் காந்த இழுப்பு நொடிக்கு 100 முறை ஏறி இறங்குவதால் ரீங்காரம் போன்ற நடுக்கம் தெரியும். நிமிடத்திற்கு 1440 சுற்று ஓடும் மோட்டாரில் எடை சமன் கெட்டால் நொடிக்கு 24 முறை உதறும்.

இயந்திரக் கோளாறாயின் மோட்டாரைப் பிரிக்க அவசரப்பட வேண்டாம். மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு, அடிப்பாக போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்க்கவும். ஒரு கால் மட்டும் மேலே எழும்பினால் அந்த இடைவெளிக்குத் தகட்டுத் துண்டு வைத்து முறுக்கினாலே பல மோட்டார்கள் அடங்கிவிடும். கிணற்றுக்குள் இரும்பு உத்திரத்தின் மேல் வைத்த மோட்டாரானால் உத்திரமே ஆடுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

அடுத்தது கப்ளிங். அதன் இரு பாதிகளின் மேல் ஸ்டீல் ஸ்கேலை மேல், கீழ், இரு பக்கம் என நான்கு இடத்திலும் வைத்துப் பார்த்தால் நேர்கோட்டில் உள்ளதா எனத் தெரிந்துவிடும். கப்ளிங் போல்ட்டுகளைக் கழற்றி மோட்டாரைத் தனியே ஓட்டினால் அமைதியாக ஓடுகிறதா? அப்படியானால் குறை பம்பில் அல்லது கப்ளிங்கில். மோனோபிளாக்கில் இச்சோதனை செய்ய இயலாது.

கோடையில் நீர்மட்டம் இறங்கியபின் பம்புக்குள் கூழாங்கல் உருளுவது போல் சத்தம் கேட்டால், பம்பு உறிஞ்சும் உயரம் அதிகமாகிவிட்டது அல்லது புட்வால்வு அடைத்துக்கொண்டது என்று பொருள். பம்பைக் கீழே இறக்கி வைப்பதே வழி. பேரிங் தேய்ந்திருந்தால் கரகரப்பு கேட்கும். அந்த இடம் சுடும். கிரீஸை அளவுக்கு மேல் திணித்தாலும் பேரிங் சூடேறும்.

மின்சாரக் கோளாறில் மூன்று பேஸும் சமமாக வருகின்றனவா என்பதே முதற்கேள்வி. மோட்டார் ஓடும்போது எலக்ட்ரீஷியனைக் கொண்டு அளக்கச் செய்யவும். வோல்டேஜில் சிறு வித்தியாசம் இருந்தாலும் ஆம்பியரில் அது பல மடங்காகப் பெருகிக் காயிலைச் சூடாக்கும். ஒரு பியூஸ் போனாலும் ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் உறுமியபடி ஓடும். மறுமுறை போட்டால் சுற்றாது. இரண்டு பேஸ் வரும் நேரத்தில் கண்டன்சர் வைத்து மூன்று பேஸ் மோட்டாரை ஓட்டும் பழக்கம் பரவலாக உள்ளது. தண்ணீர் கிடைக்கும், உண்மை. ஆனால் அதிர்வும் சூடும் கூடிக் காயிலின் ஆயுள் குறையும். பேஸ் சரியாக இருந்தும் பம்பு இழுக்கும்போது மட்டும் அதிர்வு விட்டுவிட்டு வந்து, ஆம்பியர் முள்ளும் அதோடு ஆடினால், ரோட்டார் கம்பி உடைந்திருக்கக் கூடும். காயிலை மாற்றிக் கட்டினாலும் அது தீராது. ரோட்டாரையே பட்டறையில் சோதிக்கச் சொல்ல வேண்டும்.