குப்பியில் பிறக்கும் லில்லிக் கிழங்கு

லில்லிக் கிழங்குக்கு வெங்காயத்துக்கு இருப்பதுபோல் மேல்தோல் கிடையாது. சதைப்பற்றுள்ள செதில்கள் ஒன்றையொன்று அணைத்தபடி அடுக்கியிருக்கும். ஒன்றை வெளிப்பக்கமாக வளைத்தால் அடியோடு பெயர்ந்துவரும். அதை ஈரமான பீட் மண்ணில் போட்டுவைத்தாலே சில வாரங்களில் அடிவிளிம்பில் குட்டிக் கிழங்குகள் திரளும். நெதர்லாந்தின் லில்லி விவசாயிகளுக்கு இது பழகிய வேலை. திசு வளர்ப்பு ஆய்வகம் அதையே கிருமி அண்டாத குப்பிக்குள் செய்கிறது.

கிருமி அண்டாமல் பார்த்துக்கொள்வதுதான் பெரும்பாடு. மண்ணிலேயே கிடந்த கிழங்கல்லவா! செதில்களைக் கழுவி, எத்தனாலில் முக்கியெடுத்து, சோடியம் ஹைப்போகுளோரைட்டில் ஊறவைத்து, கிருமி நீக்கிய நீரில் அலசுகிறார்கள். அப்படியும் சில குப்பிகளில் பூஞ்சை பூத்துவிடும், தூக்கிப்போட வேண்டியதுதான்.

தப்பியதை, வடிகட்டிய காற்று வீசும் மேசையில் வைத்துச் சில மில்லிமீட்டர் துண்டுகளாக நறுக்குகிறார்கள். அடிப்பகுதித் துண்டு தாராளமாகக் குட்டி போடும். நுனித் துண்டு கஞ்சன். படுக்கை அகார் கூழ். அதில் கலக்கும் உப்புகள் பெரும்பாலும் முராஷிகே, ஸ்கூக் என்ற இரு ஆய்வாளர்கள் 1962இல் புகையிலைத் திசுவுக்காக வகுத்த கணக்குப்படிதான். லிட்டருக்கு 30 கிராம் சர்க்கரை, துளியளவு ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன். கிழங்கு பருக்க வேண்டுமென்றால் சர்க்கரையைக் கூட்டுவார்கள். ஓரிரு மாதங்களில் வெட்டுவாயில் வெள்ளை மணிகளாகக் குட்டிகள் தெரியும். அவற்றின் செதில்களைப் பிரித்து மறுபடியும் நடலாம். ஒரே கிழங்கிலிருந்து ஆயிரக்கணக்கில் பெருக்கும் வழி இதுதான். தாய்க்கிழங்கில் வைரஸ் இருந்தால் அதுவும் கூடவே பெருகும் என்பதால், முதலில் வளர்நுனியின் நுண்துண்டிலிருந்து நோயற்ற தாயை எடுத்துக்கொள்வது நல்லது.

இத்தனை வேகமும் ஓரிடத்தில் நின்றுபோகிறது. வெதுவெதுப்பான அறையில் உருவான குட்டிக்கிழங்கு உறங்கிவிடும். அப்படியே மண்ணில் நட்டால் முளைக்காது, முளைத்தாலும் சீராக வளராது. ஏறத்தாழ 5 பாகை செல்சியஸ் குளிரில் பல வாரங்கள் கிடந்தால்தான் விழிக்கும். பனிக்காலம் கடந்துவிட்டது என்று அதற்கு நம்பிக்கை வரவேண்டும் போலும். பிறகும் பூக்குமளவு பருக்க, வயலில் ஓரிரு ஆண்டுகளாவது ஆகும்.

ட்யூலிப் இந்த அளவுக்குக்கூட இறங்கிவருவதில்லை. குப்பியில் அது மெதுவாகத்தான் பெருகும். அங்கே உருவான கிழங்கு பூக்கப் பல ஆண்டுகள் பிடிக்கும். அதனால் ஆண்டுக்கு இரண்டு மூன்று பக்கக்கிழங்குகள் மட்டுமே விடும் ட்யூலிப்பை, நெதர்லாந்து விவசாயிகள் பெரும்பாலும் இன்றும் வயலில்தான் பெருக்குகிறார்கள். ஒரு புதிய ரகம் சந்தைக்கு வர இருபது ஆண்டுகள்கூட ஆகலாம்.