கம்ப்யூட்டர் காசுக்கு 5 நாளில் 2 அடி!

விருதுநகர்:
கம்ப்யூட்டரை ராப்பகலாக ஓட விட்டு "ஈதர்" என்ற டிஜிட்டல் காசு பார்த்தவர்களுக்கு கரண்டு பில்தான் எமன். கந்தக பூமி வெயிலில் சூடு வேறு!

ஆர்.டி.எக்ஸ். 3070 கிராபிக்ஸ் கார்டு, கம்பெனி கணக்குப்படி 220 வாட் இழுக்கும். விவரம் தெரிந்தவர்கள் கரண்டு அளவை இறக்கி, மெமரி வேகத்தை மட்டும் ஏற்றி, சுமார் 120 வாட்டில் ஓட்டினார்கள். வருமானம் குறையவில்லை. ஈதர் கணக்குக்கு மெமரிதான் முக்கியம்.

தப்புக் கணக்கு

ஆசைப்பட்டு மெமரியை அளவுக்கு மீறி ஏற்றினால் விடை தப்பாகும். தப்பு விடைக்கு காசு கிடையாது. மெஷினும் நின்று போகும்.

6 கார்டு ஓடினால் 2 மாதத்தில் 864 யூனிட் மிச்சம். அப்போதைய வீட்டுக் கட்டணம் யூனிட் ரூ.6.60. ஆக, ரூ.5,700. லேசான தொகையா, என்ன?

2022 செப்டம்பர் 10-ந்தேதி கட்டணம் ஏறியது. 1,000 யூனிட்டைத் தாண்டினால் ரூ.11! கார்டை இன்னும் கொஞ்சம் இறக்கி ஓட்டலாமா என்று யோசிப்பதற்குள், 15-ந்தேதி ஈதரே கார்டு முறையைக் கைவிட்டு விட்டது. அத்தனை கார்டும் செகண்ட் ஹேண்ட் விற்பனைக்கு வந்தன.

சிவகாசி அச்சகங்களில் டிசைன் வேலைக்கு இப்படிப்பட்ட கார்டு வாங்குகிறவர்கள் கவனிக்க: விசிறி தேய்ந்திருக்கலாம். அரை மணி நேரம் ஓட்டி, சூட்டைப் பார்க்காமல் பணத்தை எண்ணாதீர்கள்.