நீந்தத் தெரியும்... ஆனால், நடக்கத்தான் பிடிக்கும்! டாஸ்மேனியாவின் கைமீன்

மீன் என்றால் நீந்தும், இதிலென்ன சந்தேகம் என்பீர்கள். ஆனால், ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா தீவில் இருக்கும் இந்த மீன், அவசரத்துக்கு மட்டும்தான் நீந்தும். மற்றபடி கடலடியில் நடைதான். பெயர், ஸ்பாட்டட் ஹேண்ட்ஃபிஷ். நம் வசதிக்கு, புள்ளிக் கைமீன்.

அதிகபட்சம் 12 செ.மீ நீளம். பேரிக்காய் போன்ற உடம்பு, வெளிர் நிறத்தின் மேல் பழுப்பும் ஆரஞ்சுமாகப் புள்ளிகள், எதற்கோ கோபித்துக்கொண்டதுபோல வளைந்த வாய். விசேஷமே பக்கவாட்டுத் துடுப்புகள்தான். முழங்கையை மடக்கி, விரல்களைத் தரையில் ஊன்றியதுபோலவே இருக்கும். மீன்களை மிதக்கவைக்கும் காற்றுப்பை இதற்குக் கிடையாது. அதனால்தான் இந்த நடை. புள்ளிகள் நம் கைரேகை மாதிரி, மீனுக்கு மீன் மாறும். போட்டோவைப் பார்த்தே எந்த மீன் என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்லிவிடுகிறார்கள்.

இது வாழ்வது ஆளில்லாத ஆழ்கடலில் அல்ல. தலைநகர் ஹோபார்ட்டை ஒட்டி, டெர்வென்ட் ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரமும் அதன் சுற்றுப்புறமும்தான் இதன் உலகம். பெரும்பாலும் 5 முதல் 15 மீட்டர் ஆழத்தில், மணலும் சிப்பி ஓடுகளும் கிடக்கும் தரை.

அந்தத் தரையில் குச்சிபோல நிற்கும் சிறு கடலுயிரிகள் உண்டு. தாய் மீன் அவற்றைச் சுற்றித்தான் முட்டையிடும். ஒரு முறைக்கு 80 முதல் 250 வரைதான். மற்ற பல மீன்கள் லட்சக்கணக்கில் இட்டுவிட்டுப் போய்விடும். இது வாரக்கணக்கில் பக்கத்திலேயே காவல் இருக்கும். குஞ்சுகள் 6, 7 மி.மீ நீளத்தில் முழு உருவத்தோடு பிறக்கும். மற்ற மீன்குஞ்சுகள்போல நீரோட்டத்தில் மிதந்து வேறு இடம் போய்ச் சேராது. பிறந்த இடத்தைச் சுற்றியே வாழ்க்கை. அந்த இடம் கெட்டால், போக்கிடம் இல்லை.

கெட்டது அதுதான். முன்பு சிப்பி அள்ளிய இரும்பு வலைகள் தரையைச் சுரண்டின. பிறகு, கப்பல் சாயாமலிருக்க நிரப்பிவரும் தண்ணீரோடு ஜப்பான் பக்கத்திலிருந்து ஒரு நட்சத்திர மீன் வந்து சேர்ந்தது. அது விரும்பித் தின்பவற்றில் இந்தக் குச்சி உயிரிகளும் அடக்கம்! முட்டையிட இடமே இல்லாமல்போனது. 1996-ல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில், அழிவின் விளிம்பில் இருப்பதாகச் சேர்க்கப்பட்ட முதல் கடல்மீன்களில் இதுவும் ஒன்று.

இப்போது ஆஸ்திரேலிய அரசின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ விஞ்ஞானிகள் செய்துவரும் வேலை எனக்கு ரொம்பவே பிடித்திருக்கிறது. மண்பாண்டக் கலைஞர்களிடம் செராமிக் குச்சிகள் செய்து வாங்கி, ஆயிரக்கணக்கில் கடலடியில் நட்டுவைக்கிறார்கள், நாற்று நடுவதுபோல! கைமீன்கள் அவற்றைச் சுற்றியும் முட்டையிடுகின்றன. நட்சத்திர மீனால் செராமிக்கைத் தின்ன முடியாதே!

இன்னொரு தலைவலி, படகு கட்டும் சங்கிலி. படகு திரும்பும்போதெல்லாம் அதுவும் வட்டமடித்துத் தரையை வழித்தெடுக்கும். தரையைத் தொடாத புதுவகைக் கட்டுகளுக்கு மாறச் சொல்லி, படகுக்காரர்களிடம் இப்போது பேசிவருகிறார்கள்.