கொடுமணல்: நொய்யல் கரையின் தொழில் நகரம்

திருப்பூரைத் தாண்டி ஓடிவரும் நொய்யலின் வடகரையில் நிற்கிறீர்கள். பதிற்றுப்பத்தில் கபிலரும் அரிசில்கிழாரும் அணிகலனுக்குப் பேர்போனதாகப் பாடிய 'கொடுமணம்' இவ்வூரே. சேரர் தலைநகர் கரூரையும் மேற்குக் கடற்கரை முசிறியையும் இணைத்த பெருவழி இதன் வழியே பாலக்காட்டுக் கணவாய்க்குச் சென்றது.

கல்லும் இரும்பும் நூலும்

1985 முதல் நடந்த அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகளும் மணி செய்த பட்டறைகளும் வெளிப்பட்டன. வெட்டிய கல், உருட்டிய கல், துளை பாதியில் நின்ற மணி, மெருகேற்றிய மணி என வேலையின் ஒவ்வொரு கட்டமும் கிடைத்துள்ளது. ஓர் ஈமக்குழியில் மட்டும் 2,000-க்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் இருந்தன. சுடுமண் தக்களிகள் இங்கே நூல் நூற்கப்பட்டதைக் காட்டுகின்றன. பானை ஓடுகளில் தமிழி எழுத்தில் கீறிய ஆட்பெயர்கள் உள்ளன.

ரோமுடன் தொடர்பு

பச்சைக்கல் இந்தியாவுக்கு வெளியே அரிது என்று கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானியர் பிளினி எழுதினார். அந்தக் கல் காங்கேயம் அருகே படியூரில் கிடைத்தது; கொடுமணல் பட்டறைகளில் மணியானது. கத்தாங்கண்ணி, வெள்ளலூர், கரூர் ஆகிய ஊர்களில் கிடைத்த ரோமானிய நாணயங்கள் கொங்கு நாட்டு வணிகத்தின் செழிப்பைச் சொல்கின்றன.

பார்வையாளர்களுக்கு

மணியோ பானை ஓடோ கண்ணில் பட்டால் எடுக்காதீர்கள். கிடந்த மண்ணடுக்கை வைத்தே அதன் காலம் கணிக்கப்படுகிறது; இடம் பெயர்ந்தால் அந்தச் சான்று போய்விடும். தொல்லியல் துறையினரிடம் தெரிவியுங்கள்.