தொலைபேசியிலேயே தொடங்கும் சிகிச்சை

"என் பூனை காலையிலிருந்து மணல் தட்டிலேயே உட்கார்ந்து முக்குகிறது. மலச்சிக்கல் போலிருக்கிறது. நாளைக்குக் கொண்டு வரலாமா?"

பாசிர் கூடாங்கில் தொழிற்சாலை ஷிப்ட் முடிந்து வீடு திரும்பிய ஒருவர், விலங்கு கிளினிக்கிற்கு இப்படிப் போன் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். போனை எடுப்பவர் மருத்துவர் அல்லர், முகப்பிடப் பணியாளர். அவர் உடனே கேட்க வேண்டியவை இரண்டு கேள்விகள்: ஆண் பூனையா? சிறுநீர் வருகிறதா?

ஆண் பூனையின் சிறுநீர் வடிகுழாய் மிகக் குறுகியது. நுண்ணிய படிகங்களும் சளியும் சேர்ந்தால் அது அடைத்துக்கொள்ளும். அப்போது சிறுநீரோடு வெளியேற வேண்டிய பொட்டாசியம் இரத்தத்தில் ஏறி, இதயத் துடிப்பைக் குலைக்கும். ஓரிரு நாளில் உயிரே போகலாம். ஆகவே சரியான பதில், "நாளைக்கு வேண்டாம், இப்போதே கொண்டு வாருங்கள்" என்பதுதான்.

யார் முதலில்?

யாருக்கு முதலில் சிகிச்சை என்று பிரிக்கும் இம்முறைக்கு 'டிரையேஜ்' என்று பெயர். பிரித்தெடுத்தல் என்ற பொருள் தரும் பிரெஞ்சுச் சொல் அது. நெப்போலியனின் படையில் அறுவை மருத்துவராக இருந்த டோமினிக் ழான் லாரே, வீரர்களின் பதவியைப் பார்க்காமல் காயத்தின் கடுமையைப் பார்த்துச் சிகிச்சை அளித்தார். கிளினிக் முகப்பிடத்திலும் அதே விதிதான். வாயைத் திறந்து மூச்சு வாங்கும் பூனை, வலிப்பு வந்த நாய், ஈறு வெளுத்துப்போன விலங்கு ஆகியவை வரிசையில் காத்திருக்கக் கூடாது. தடுப்பூசிக்கு வந்தவர் சற்றுப் பொறுக்கலாம். அதை அவர் முகம் சுளிக்காதபடி எடுத்துச் சொல்வதும் முகப்பிடத்தின் வேலைதான்.

காரிலேயே இருங்கள்

தடுப்பூசி போடாத நாய்க்குட்டி வாந்தி எடுக்கிறது, இரத்தக் கழிச்சல் போகிறது என்றால் பார்வோ வைரஸ் என்ற சந்தேகம் எழும். அந்தக் குட்டியைக் காத்திருக்கும் கூடத்திற்குள் விடக் கூடாது. இந்த வைரஸுக்குக் கொழுப்பு உறை இல்லை. அதனால் ஆல்கஹால் கைத்தூய்மிக்கு அது எளிதில் அழியாது. தரையிலும் மண்ணிலும் பல மாதங்கள் உயிர்ப்போடு இருக்கும். தரையை முதலில் கழுவி, பிறகு நீர் கலந்த குளோரின் பிளீச்சால் துடைக்க வேண்டும். "காரிலேயே இருங்கள், நாங்கள் வந்து பார்க்கிறோம்" என்ற ஒரு வாக்கியம் மற்ற குட்டிகளைக் காப்பாற்றும்.

தடுப்பூசித் தேதியை நினைவூட்டும் போன் அழைப்புக்குப் பின்னாலும் அறிவியல் உண்டு. தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்புப் பொருள், குட்டியின் உடலில் தடுப்பூசி வேலை செய்ய விடாமல் தடுக்கும். அது எப்போது குறையும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, குறைந்தது 16 வாரம் வரை, 3 அல்லது 4 வாரத்திற்கு ஒருமுறை ஊசி போடுகிறார்கள்.

"பாதி பனடோல் கொடுக்கலாமா?"

பூனைக்கு ஒருபோதும் கொடுக்கக் கூடாது! பாராசிட்டமோலை நம் கல்லீரல் குளுக்குரோனிக் அமிலத்தோடு இணைத்து வெளியேற்றுகிறது. அதற்குத் தேவையான நொதி பூனைக்கு மிகக் குறைவு. எஞ்சும் நச்சு, சிவப்பணுக்கள் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் செய்துவிடும். ஈறு பழுப்பாகும், முகம் வீங்கும். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதும்.

ஆனால் முகப்பிடப் பணியாளருக்கும் ஓர் எல்லை உண்டு. மலேசியாவில் 1974ஆம் ஆண்டு கால்நடை மருத்துவர்கள் சட்டத்தின்படி, பதிவு பெற்ற மருத்துவர்தான் விலங்கு மருத்துவம் பார்க்கலாம். எனவே மருந்தோ அளவோ சொல்வது பணியாளரின் வேலை இல்லை. சரியாகக் கேட்பது, சரியாகக் குறிப்பது, உடனே மருத்துவரிடம் சொல்வது ஆகிய மூன்றும்தான் அவர் வேலை. மலாய், தமிழ், சீனம், ஆங்கிலம் என நான்கு மொழிகளும் ஒலிக்கும் ஊரில், பதறி வருபவரிடம் அவர் மொழியிலேயே பேசத் தெரிந்தவருக்குத் தனி மதிப்பு உண்டு.

மாணவர்களே, நீங்கள் கிளினிக்கை அழைக்க நேர்ந்தால் விலங்கின் வயது, எடை, பாலினம், அறிகுறி தொடங்கிய நேரம் ஆகியவற்றை முதலில் சொல்லுங்கள். எதையாவது தின்றிருந்தால் அதன் உறையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.