முடியாது என்றது யார்?

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் 1972 மே மாதம் ஒரு சட்டம் வந்தது. அறுவடை நேரத்தில் பண்ணைக் கூலிகள் வேலைநிறுத்தம் செய்தால் முதலாளி நீதிமன்றத் தடை வாங்கிவிடலாம். விளைபொருளைப் புறக்கணிக்கச் சொல்லும் பிரசாரத்துக்கும் கடிவாளம். அறுவடையில் செய்யாத வேலைநிறுத்தத்தால் எந்த முதலாளிக்கு வலிக்கப் போகிறது? சட்டமன்றத்தில் நிறைவேறிய சூட்டோடு ஆளுநர் ஜாக் வில்லியம்ஸ் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

ஐக்கிய விவசாயத் தொழிலாளர் சங்கத் தலைவர் சீசர் சாவேஸ், ஃபீனிக்ஸ் நகரில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார். அது 24 நாள் நீண்டது. அவரோடு சேர்ந்து சங்கத்தைத் தொடங்கிய டொலோரெஸ் ஹுவெர்டா, உள்ளூரில் செல்வாக்குள்ள மெக்சிகோ வம்சாவளியினரிடம் ஆதரவு கேட்டுப் போனார். அவர்கள் கையை விரித்தார்கள். கலிபோர்னியாவில் வேண்டுமானால் நடக்கும், அரிசோனாவில் முடியாது என்றார்கள். ஸ்பானிஷில் ‘நோ ஸே புவேதே’. ஹுவெர்டா அப்படியே திருப்பிப் போட்டார்: ‘ஸீ, ஸே புவேதே’. முடியும்!

பல நாடுகளைச் சுற்றிவந்த அந்த முழக்கம் பிறந்தபோது முழக்கமாகவே இல்லை, ஒரு வாக்குவாதத்தில் வந்த பதில். ‘முடியாது’ என்று சொன்னவர்கள் எதிரிகள்கூட அல்லர். சோர்ந்துபோன சொந்த ஜனங்கள். சட்டம் உடனே ஒழிந்துவிடவில்லை. ஆனால் சங்கம் வீடு வீடாகப் போய் வாக்காளர்களைப் பதிவு செய்தது. 1974 தேர்தலில் ரவுல் காஸ்ட்ரோ அரிசோனாவின் முதல் மெக்சிகோ வம்சாவளி ஆளுநரானார். (கியூபாவின் ரவுல் காஸ்ட்ரோ அல்ல, இவர் வேறு.)

அந்த ஸ்பானிஷ் வாக்கியம் நம் ‘முடியும்’ மாதிரியே அமைந்தது. யாரால், எதை என்று சொல்லாமலே நிறைவு பெற்றுவிடும். அந்தக் காலி இடத்தில் யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். 2006-இல், ஆவணமில்லாமல் வசிப்பதையே கடும் குற்றமாக்கும் மசோதாவை எதிர்த்து அமெரிக்க நகரங்களில் லட்சக்கணக்கானோர் திரண்டபோது இதே முழக்கம் கேட்டது. இதில் ஒரு முரண் உண்டு. வேலைநிறுத்தத்தை முறிக்கப் பண்ணை முதலாளிகள் ஆவணமில்லாதவர்களை இறக்குகிறார்கள் என்று, எழுபதுகளில் அவர்களைக் குடியேற்றத் துறையிடம் காட்டிக்கொடுத்ததும் இதே சங்கம்தான்.

ஒபாமாவிடம் வந்தபோது அது ஆங்கிலமானது: ‘யெஸ் வி கேன்’. 2004 செனட் தேர்தல் விளம்பரத்துக்கு ஆலோசகர் இதை எழுதிக் கொடுத்தபோது அவருக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. 2008 ஜனவரியில் நியூ ஹாம்ப்ஷயர் உட்கட்சித் தேர்தலில் ஹிலாரி கிளின்டனிடம் தோற்ற இரவில் அதையே திரும்பத் திரும்பச் சொல்லி, தோல்வி உரையை வெற்றி உரைபோல ஆக்கிவிட்டார். ஆங்கிலத்தில் எழுவாய் இல்லாமல் வாக்கியம் நிற்காது. ஆகவே ‘வி’ வந்து சேர்ந்தது. தமிழில் எழுதுபவர் ‘நம்மால்’ என்பதா, ‘எங்களால்’ என்பதா என்று அங்கேயே முடிவெடுத்தாக வேண்டும். ஆங்கிலம் வேட்பாளரை அந்தச் சங்கடத்திலிருந்து காப்பாற்றிவிடுகிறது. ‘முடியாது’ என்றவரும் இங்கே காணாமல் போய்விட்டார். அரிசோனாவில் அவருக்கு முகம் இருந்தது. ஒபாமா மேடையில் அது பொதுவான அவநம்பிக்கை, அவ்வளவுதான். அதனால்தான் வங்கி அதிகாரியும் பஸ் ஓட்டுநரும் சேர்ந்து கைதட்ட முடிந்தது.

முகவரி இல்லாத முழக்கம் ஒருநாள் சொன்னவர் வீட்டுக்கே வரும். ஒபாமா ஆட்சியில் ஓராண்டில் சுமார் 4 லட்சம் பேர் நாடு கடத்தப்பட்ட காலமும் இருந்தது. 2013 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் குடியேற்றச் சீர்திருத்தம் பற்றி அவர் பேசிக்கொண்டிருக்கையில், பின்னால் மேடையில் நின்ற ஓர் இளைஞர் குரல் எழுப்பினார். கூட்டத்திலிருந்து வேறு சிலரும் சேர்ந்துகொண்டார்கள். நாடுகடத்தலை நிறுத்து என்று சொல்லி, அதன் வாலில் ‘யெஸ் வி கேன்’ என்று கட்டினார்கள். பாதுகாவலர்கள் நெருங்க, அவர்கள் இருக்கட்டும் என்று தடுத்த ஒபாமா, இதைத் தனியாகச் செய்ய எனக்குச் சட்டத்தில் அதிகாரம் இல்லை என்று விளக்கினார். ‘முடியும்’ என்று சொல்லி வந்தவர், அவருடைய சொந்த வாசகத்துக்கே ‘முடியாது’ என்று பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

ஸ்பெயினில் கதை வேறு. 2008 நெருக்கடியில் வேலை போனவர்களால் வீட்டுக்கடன் தவணை கட்ட முடியவில்லை. அந்த நாட்டுச் சட்டப்படி வங்கி வீட்டை எடுத்துக்கொண்ட பிறகும் மிச்சக் கடன் தலைமேலேயே இருக்கும். பார்சிலோனாவில் 2009-இல் தொடங்கிய கடனாளிகள் இயக்கத்தினர், வீட்டைக் காலி செய்ய அதிகாரிகள் வரும் நாளில் வாசலை அடைத்து நிற்பார்கள். ஜப்தி தள்ளிப்போனதும் ‘ஸீ, ஸே புவேதே!’ அங்கே கால்பந்து மைதானத்திலும் அது பழகிய கூச்சல்தான். இயக்கத்தினர் அதைப் பச்சை வட்ட அட்டையில் எழுதினார்கள். கூடவே ஒரு சிவப்பு அட்டையும் தூக்கினார்கள்: ‘ஆனால் அவர்களுக்கு மனமில்லை’.

என்னைக் கேட்டால், இந்த முழக்கத்தின் பயணத்தில் மிகக் கூர்மையான திருத்தம் அந்தச் சிவப்பு அட்டை. அரிசோனாவில் தன் ஆட்களுக்குத் தெம்பு ஊட்டிய வாசகம் இங்கே குற்றச்சாட்டாகிவிட்டது. 2013 பிப்ரவரியில், 14 லட்சம் கையெழுத்துகளோடு வந்த அவர்களுடைய சட்ட முன்மொழிவை விவாதத்துக்கு ஏற்க நாடாளுமன்றம் இணங்கியது. பார்வையாளர் மாடத்தில் இருந்தவர்கள் ‘ஸீ, ஸே புவேதே’ என்று முழங்க, அவர்களை வெளியேற்றினார்கள். அப்போது இயக்கத்தின் முகமாக இருந்த அடா கொலாவ் 2015-இல் பார்சிலோனா மேயரானார்.

அதே 2015-இல் அர்ஜென்டினா அதிபர் தேர்தலில் இதே மூன்று சொற்களை முழங்கியவர்கள் மவுரிசியோ மாக்ரியின் ஆதரவாளர்கள். மாக்ரி பெரும் தொழிலதிபர் குடும்பம், வலது சாய்வு. ஆண்டுக்கணக்கில் ஆண்ட பெரோனியர்களை (பழைய அதிபர் பெரோனின் வழிவந்தவர்கள்) வீழ்த்த முடியுமா என்பதே அங்கே கேள்வி; முடிந்தது. பிறகு பெசோ சரிந்தது. 2018-இல் பன்னாட்டு நாணய நிதியத்திடம் கடனுக்குப் போனார்கள். தொழிற்சங்கங்கள் பலமுறை பொது வேலைநிறுத்தம் நடத்தின. 2019-இல் மாக்ரி நகரம் நகரமாக நடத்திய பிரசாரப் பேரணிகளுக்குப் பெயரே ‘ஸீ, ஸே புவேதே’. ஒரு தொழிற்சங்கத்தில் பிறந்த வாசகம், தொழிற்சங்கங்கள் எதிர்த்து நின்ற ஆட்சியின் மேடையில்! இதைத் திருட்டு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கூட்டத்துக்கு ‘முடியாது’ என்று சொன்னவர்கள் பெரோனியர்கள். அவர்களுக்குத்தான் அது பதில். அந்த அக்டோபரில் மாக்ரி தோற்றார்.

2012-இல் ஹுவெர்டாவுக்கு விருது அணிவிக்கையில் ஒபாமா, முழக்கத்தை அவரிடமிருந்து திருடியதைச் சொல்லிச் சிரித்தார். ஹுவெர்டா தொடங்கிய சங்கமோ அந்த வாசகத்தை அமெரிக்காவில் வணிகச் சின்னமாகப் பதிவு செய்து வைத்திருக்கிறது. பனியனில் அச்சடித்து விற்பவரிடம் அந்தப் பதிவைக் காட்டலாம். மேடையில் முழங்குபவரிடம் அது செல்லாது.