பால்குடிக் குழந்தையின் குடலில் வளரும் நல்ல நுண்ணுயிர்களும் அவற்றின் ஆகாரமும்

உளுந்து, துவரை, நிலக்கடலை முதலிய பயிர்களின் வேர்முடிச்சுகளில் ஒருவகை நுண்ணுயிர்கள் தங்கி, பயிரிடமிருந்து சர்க்கரைச் சத்தைப் பெற்றுக்கொண்டு, காற்றிலுள்ள தழைச்சத்தை அதற்குச் சேர்த்துத் தருகின்றன என்பது குடியானவர்கள் அறிந்ததே. ஆகாரம் அளித்து வேலை வாங்கும் இத்தகைய ஏற்பாடு தாய்க்கும் சேய்க்கும் இடையிலும் உண்டு. பிறந்த குழந்தையின் பெருங்குடலில் சில நல்ல நுண்ணுயிர்கள் குடியேறுகின்றன. அவற்றிற்குரிய ஆகாரமும் தாய்ப்பாலிலேயே அமைந்திருக்கிறது. இதனை அறியாமையால் சில வீடுகளில் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டு, சேனை வைப்பதென்று சர்க்கரைத் தண்ணீரும் தேனும் புகட்டுகின்றனர்.

1899-ம் வருஷத்தில் பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் ஸ்தாபனத்தில் ஹென்றி டிஸ்ஸியே என்பவர், தாய்ப்பால் உண்ணும் குழந்தைகளின் மலத்தை ஆராய்ந்து, கவைக்கோல் போலப் பிளந்து தோன்றும் ஒரு நுண்ணுயிரைக் கண்டார். பிளவுபட்டது எனப் பொருள்படும் லத்தீன் சொல்லால் அதற்குப் பிஃபிடஸ் என்று பெயரிட்டனர். அவ்வினம் இப்பொழுது பிஃபிடோபாக்டீரியம் எனப்படுகிறது.

இவை வளர்வதற்கு முதலாவது வேண்டுவது காற்றுப் புகாத இடம். பச்சைத் தீவனத்தைக் குழியிலிட்டு மிதித்துப் பதப்படுத்தும் முறையைக் கையாண்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். குழியை மூடியவுடன் எஞ்சிய காற்றைத் தழையும் சிலவகை நுண்ணுயிர்களும் உட்கொண்டு தீர்த்துவிடுகின்றன. அதன் பின்னரே புளிப்பை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் பெருகித் தீவனத்தை அழுகாமற் காக்கின்றன. குழந்தையின் குடலிலும் முதல் சில நாட்களில் பிராணவாயுவைப் பொறுக்கும் நுண்ணுயிர்கள் முந்திக்கொள்கின்றன. அவை பிராணவாயுவைத் தீர்த்த பின் பிஃபிடஸ் இனத்தின் காலம் வருகிறது.

அடுத்தது ஆகாரம். இங்கேதான் வியப்பு இருக்கிறது. தாய்ப்பால் 1 லிட்டரில் சுமார் 70 கிராம் பாற்சர்க்கரை உண்டு. அதில் பெரும்பகுதி சிறுகுடலிலேயே ஜீரணமாகிக் குழந்தைக்குச் சேர்ந்துவிடுவதால், பெருங்குடலுக்கு மிஞ்சுவது சொற்பம். ஆனால் அதே பாலில் கூட்டுச்சர்க்கரைகள் எனத்தக்க வேறு சில பொருள்களும் உள்ளன. பாற்சர்க்கரையோடு வேறு சர்க்கரைகள் கோக்கப்பட்டு உண்டாகும் இவற்றில் நூற்றுக்கு மேற்பட்ட வகைகள் கண்டறியப்பட்டுள்ளன. சீம்பாலில் லிட்டருக்கு 20 கிராமுக்கு மேலும், பின்வரும் பாலில் 10 கிராமை ஒட்டியும் இவை இருக்கும். இவற்றைப் பிளந்து ஜீரணிக்கும் சக்தி குழந்தைக்கு இல்லை! தன் சேய்க்குச் செரிக்காத பொருளைத் தாயின் உடல் இவ்வளவு பாடுபட்டு உண்டாக்குவானேன் என்ற கேள்வி பல காலம் விடையின்றி நின்றது.

1954-ம் வருஷத்தில் அமெரிக்காவில் பால் ஜியோர்ஜி என்பவரும் உடனுழைத்தோரும் வெளியிட்ட ஆராய்ச்சி வழிகாட்டிற்று. பிஃபிடஸ் இனத்தின் ஒரு வகை, தாய்ப்பால் சேர்த்தால் செழித்து வளர்ந்தது. பசும்பால் அதற்கு ஏறக்குறைய உதவவில்லை. அதற்கு வேண்டியிருந்தது தாய்ப்பாலின் கூட்டுச்சர்க்கரையே. 2008-ம் வருஷத்தில் இன்ஃபான்டிஸ் என்னும் வகையின் மரபுக்கூறுகள் முழுவதும் படிக்கப்பட்டபோது, இச்சர்க்கரைகளை உள்ளிழுத்துப் பிளப்பதற்கென்றே ஒரு தொகுதி அதனிடம் அமைந்திருப்பது தெரியவந்தது. பசும்பால் 1 லிட்டரில் இப்பொருள் 1 கிராமில் பத்தில் ஒரு பங்குகூட இராது. கன்றுக்கு அது போதும். கன்றின் வயிறு வேறு.

தழைச்சத்துக்கு அமினோ அமிலங்களும், சில வகைகளுக்குச் சில வைட்டமின்களும் தேவை. இவற்றிற்குக் குடலில் பெரும்பாலும் குறைவில்லை. இரும்புச்சத்தோ கவனிக்கத்தக்கது. கேடு செய்யும் பல நுண்ணுயிர்களுக்கு அது மிகுதியாக வேண்டும். தாய்ப்பாலிலுள்ள லாக்டோஃபெரின் என்னும் புரதம் இரும்பைப் பற்றிக்கொண்டு, களைக்கு உரம் எட்டாதபடி செய்கிறது.

உண்ட சர்க்கரையைப் பிஃபிடஸ் இனம் காடியிலுள்ள அமிலமாகவும் தயிரிலுள்ள அமிலமாகவும் மாற்றுகிறது. இப்புளிப்பில் பேதியை விளைக்கும் பல கிருமிகள் தழைப்பதில்லை. ஒடிசா மாகாணத்துக் கிராமங்களில் தாய்ப்பாலுண்ணும் 4,500-க்கு மேற்பட்ட சிசுக்களிடம் நடந்து 2017-ம் வருஷத்தில் வெளியான பரீட்சை இங்குக் குறிப்பிடத்தக்கது. லாக்டோபாசில்லஸ் என்னும் வேறோர் இன நுண்ணுயிரையும் அதற்குரிய சர்க்கரையையும் 7 நாட்கள் கொடுத்ததில், இரத்தத்தில் விஷம் பரவும் நோயோ மரணமோ நேர்ந்தவர்கள் நூற்றுக்கு 9-லிருந்து 5.4 ஆகக் குறைந்தனர். இது வைத்தியர்களின் மேற்பார்வையில் நடந்தது. கடையில் விற்கும் பொடிகளை வாங்கிப் புகட்டுவதற்கு இதனை ஆதாரமாகக் கொள்ளலாகாது.

சேனைச் சர்க்கரையில் மேற்சொன்ன கூட்டுச்சர்க்கரை ஏதுமில்லை. அசுத்த நீரும் விரலும் சேர்ந்து நோய்க்கிருமிகளை உட்செலுத்தவும் கூடும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேனை நாவில் தடவுவதும் ஆகாது. அதிலிருக்கக்கூடிய ஒருவகை விதைக்கிருமி குடலில் முளைத்து நரம்புகளைச் செயலறச் செய்யும் விஷத்தை உண்டாக்கும். இதனைக் கிராம அதிகாரிகள் பிள்ளை பெற்றவளிடம் மட்டும் எடுத்துரைத்துப் பயனில்லை. சேனை வைப்பவர்கள் வீட்டுப் பெரியவர்களாதலால் அவர்களிடமே பேசவேண்டும். பிரசவமான 1 மணி நேரத்திற்குள் சீம்பால் ஊட்டத் தொடங்கி, 6 மாதம் வரையில் தாய்ப்பால் ஒன்றையே கொடுப்பது முறை. வைத்தியர் தரும் மருந்துக்கு இதில் தடையில்லை. பின்னர்க் கஞ்சியும் பருப்பும் மசித்த சோறும் சேரச்சேர, குடலில் வேறு நுண்ணுயிர்களும் இடம் பிடிக்கும். தாய்ப்பாலை 2 வயது வரையிலும் அதற்கு மேலும் தொடரலாம்.